பதில்: தாம்பரத்திலிருந்து ஊட்டிக்குக் காரில், ஹாஸ்டலில் தம்பதியாகத் தங்கலாமா?

நான்கு இரவு ஊட்டியில் பயணிகள் ஹாஸ்டலில் மனைவியோடு தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தங்கலாம். ஆனால் நான்கு இரவும் டார்ம் (பலர் ஆளுக்கொரு கட்டிலில் தங்கும் பொது அறை) வேண்டாம். நானும் என் மனைவியும் அப்படிப் போனோம். எனக்கு மேல் கட்டில், அவளுக்கு எதிர்ச் சுவரில் கீழ்க் கட்டில். நடுராத்திரி யாரோ குறட்டை விட, "நீங்களா?" என்று வாட்ஸப்பில் கேட்டாள். நானில்லை! இரண்டு இரவு டார்ம், மீதி அதே ஹாஸ்டலில் தனி அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரின் அசல் அடையாள அட்டையும் வேண்டும். சில ஹாஸ்டல்களில் உள்ளூர்க்காரர்களுக்கு இடம் தரமாட்டார்கள், முன்பே கேட்டுவிடுங்கள். லாக்கருக்குச் சின்னப் பூட்டு ஒன்று.

வழிக்கு வருவோம். 500 கிலோமீட்டருக்கு மேல், முதல் தடவை என்கிறீர்கள். ஒரே மூச்சில் ஓட்டாமல் சேலத்திலோ மேட்டுப்பாளையத்திலோ தூங்கிவிட்டுக் காலையில் மலை ஏறுங்கள். குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி வழி சுற்று என்றாலும் நெரிசல் குறைவு, எனக்கு அதுதான் பிடிக்கும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் கருகிய வாடை வரும். வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

2024 மே முதல் நீலகிரிக்குள் வண்டியில் நுழைய இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், இணையத்தில் இலவசம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை, ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மசினகுடி பக்கம் போனால் செங்குத்தான கல்லட்டி மலைப்பாதை வழியாக இறங்க நினைக்காதீர்கள், கூடலூர் சுற்றிப் போங்கள்.