மதுரையில் ஏர்போர்ட் இருந்தும் சிங்கப்பூர் போக ஏன் திருச்சிக்கு ஓடுகிறோம்?

கேள்வி: மதுரையிலேயே விமான நிலையம் இருக்கும்போது, அந்தப் பக்கத்து ஆட்கள் சிங்கப்பூர், மலேசியா போக ஏன் திருச்சிக்குப் போகிறார்கள்? ரன்வே சின்னது என்பதுதான் காரணமா?

ரன்வே காரணம் இல்லை. டீக்கடையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மதுரை ரன்வே ஏறக்குறைய 7,500 அடி. திருச்சி ரன்வே 8,100 அடியைச் சற்றுத் தாண்டும். இந்த 600 அடிக்காக யாரும் 140 கிலோமீட்டர் தள்ளிப் போய் ஏற மாட்டார்கள். திருச்சிக்கு வருகிற ஏ320, போயிங் 737 ரக விமானங்களே மதுரையிலும் இறங்குகின்றன.

எங்கள் வீடு அவனியாபுரத்தில். அம்மா மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்து, "மெட்ராஸ் பிளேனு இன்னைக்கு லேட்டு" என்பார். சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும் அளவுக்குத் தாழ்வாகப் போகும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து 2019ல் அம்மாவை சிங்கப்பூருக்கு அனுப்பினோம், அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2017லேயே மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் விட்டிருந்தது. ஆனால் தினமும் கிடையாது. எங்களுக்கு வேண்டிய நாளில் அது இல்லை. திருச்சியிலோ காலை, மதியம், நடுராத்திரி என்று எந்நேரமும் ஏதாவது ஒன்று இருந்தது. நடுராத்திரிக்கு மேல் கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போட்டோம்.

அன்று சாயங்காலம் முழுக்கக் கொக்கித் தராசோடுதான் போனது. 30 கிலோதான் அனுமதி. பெட்டியைத் தூக்கித் தொங்கவிட்டால் 33 காட்டும். பருப்புப் பொடியை எடுத்தால் 32. அம்மா பருப்புப் பொடியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுத் தன் சேலை இரண்டை எடுத்து வெளியே போடுவார். பிரசவ லேகியப் பாட்டில் வழியாமலிருக்க மூடியின் மேல் பிளாஸ்டிக் பை கட்டி, அதன் மேல் ரப்பர் பேண்ட் போட்டு, அதற்கும் மேல் ஒரு பழைய துண்டைச் சுற்றியிருந்தார். அந்தத் துண்டே கால் கிலோ இருக்கும். 'வேண்டாம்மா' என்று சொல்கிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

ராத்திரி எட்டரைக்குக் கார் கிளம்பி ரிங் ரோட்டில் ஏறியபோது ஏர்போர்ட் பக்கம் விளக்கு தெரிந்தது. அம்மா டிரைவரிடம் கேட்டார்: "ஏந்தம்பி, இங்ஙனக்குள்ள இருக்கத விட்டுட்டு இம்புட்டுத் தூரம் போறமே, இந்தப் பிளேனெல்லாம் எங்கதான் போகுது?" அவர் சிரித்துக்கொண்டே, "அது சும்மா நம்ம பாக்குறதுக்கு விட்ருக்காய்ங்கம்மா" என்றார்.

அவர் கேலியாகச் சொன்னதில் பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன்.

மதுரை ஏர்போர்ட் நேற்று முளைத்ததல்ல. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942ல், பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய ஓடுதளம் அது. 1950களில் பயணிகள் விமானம் வரத் தொடங்கியது. அப்புறம் வெகுகாலத்துக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் மட்டும்தான், பங்கா (புரொப்பல்லர்) வைத்த ஆவ்ரோ, ஃபோக்கர் ரக விமானங்கள். 1971 டிசம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த ஓர் ஆவ்ரோ, சின்னமனூர்ப் பக்கம் மலையில் மோதி 21 பேர் இறந்தார்கள். தேனிப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் அதைப் பேசுவார்கள். ஏர் டெக்கான் மாதிரி மலிவு விலைக் கம்பெனிகள் வந்த பிறகுதான் விமானம் என்பது மில் முதலாளிக்கும் மந்திரிக்கும் மட்டுமானது இல்லை என்றானது. 2010 செப்டம்பரில் இப்போதுள்ள புது டெர்மினல் திறந்தார்கள், 17,560 சதுர மீட்டர். பிறகு 2012 செப்டம்பர் 20 அன்று ஸ்பைஸ்ஜெட் கொழும்புக்குப் பறந்தது. மதுரையிலிருந்து கிளம்பிய முதல் வெளிநாட்டு விமானம் அதுதான். அடுத்த ஆண்டே துபாய்க்கும் விட்டார்கள்.

இனிமேல்தான் விஷயமே. கொழும்பு விமானம் கிளம்பி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், 2012 அக்டோபர் முதல் வாரத்தில் மத்திய அமைச்சரவை ஐந்து விமான நிலையங்களுக்கு 'சர்வதேச' அந்தஸ்து கொடுத்தது. லக்னோ, வாரணாசி, மங்களூர், கோயம்புத்தூர், திருச்சி. மதுரை அதில் இல்லை. பத்து வருஷத்துக்கும் மேலாக அது வெறும் 'கஸ்டம்ஸ் ஏர்போர்ட்' ஆகவே ஓடியது. அதாவது சுங்கம், இமிகிரேஷன் கவுண்டர் எல்லாம் உண்டு, வெளிநாட்டுக்குப் போகலாம் வரலாம், பலகையில் மட்டும் அந்த வார்த்தை இருக்காது.

சரி, பலகையில் வார்த்தை இல்லாவிட்டால் என்ன? அதுதான் இல்லை, பலகையும் பெரிய விஷயமில்லை. வெளிநாட்டு விமானக் கம்பெனி ஒன்று இந்தியாவில் நினைத்த ஊரில் இறங்கிவிட முடியாது. இரண்டு நாட்டு அரசுகளும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கும். உன் நாட்டு விமானம் என் நாட்டில் இன்னின்ன ஊர்களில் இறங்கலாம், வாரத்துக்கு இத்தனை சீட் கொண்டு வரலாம் என்று பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள ஊரைத்தான் 'பாயின்ட் ஆஃப் கால்' என்பார்கள். சிங்கப்பூர், மலேசியா ஒப்பந்தங்களில் திருச்சி இருந்தது, மதுரை இல்லை. அதனால் சிங்கப்பூர்க் கம்பெனி ஸ்கூட்டும் மலேசியக் கம்பெனி ஏர் ஏசியாவும் திருச்சிக்கு வரலாம். மதுரையில் கூட்டம் இருக்கிறது என்று தெரிந்தாலும் அவர்களால் இங்கே இறங்க முடியாது. இந்தியக் கம்பெனிகளுக்கு இந்தத் தடை இல்லை, சுங்கமும் இமிகிரேஷனும் இருக்கிற எந்த ஊரிலிருந்தும் அவர்கள் கிளம்பலாம். ரொம்ப நாள் ஸ்பைஸ்ஜெட்டும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் மட்டும் இங்கே தலைகாட்டியது அதனால்தான். ஆனால் அவர்களிடம் அப்போது இருந்ததே எண்ணி எடுத்த விமானங்கள். அதை டெல்லி, மும்பை, கொச்சிக்கெல்லாம் பங்கு வைத்தது போக மிச்சம்தான் நமக்கு. பந்தியில் கடைசி இலைக்கு உட்கார்ந்தவன் கதை.

இலங்கை மட்டும் விதிவிலக்கு. அந்த நாட்டோடு உள்ள ஏற்பாடு கொஞ்சம் தாராளம். மிஹின் லங்கா மதுரைக்கு வந்துகொண்டிருந்தது, 2016ல் அது மூடப்பட்ட பிறகு ஸ்ரீலங்கன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கொழும்பு வழியாக சிங்கப்பூர் போகிறவர்களும் உண்டு. முதல் தடவை போகிற அம்மாக்களை அந்த வழியில் தனியாக அனுப்ப மனசு வராது.

இன்னும் சந்தேகம் இருந்தால் கண்ணூரைப் பாருங்கள். 2018 டிசம்பரில் திறந்த புத்தம் புது சர்வதேச விமான நிலையம், 3,050 மீட்டர் ரன்வே, அதாவது பத்தாயிரம் அடி. பெயரிலும் சர்வதேசம் இருக்கிறது. ஆனால் பாயின்ட் ஆஃப் கால் கொடுக்கவில்லை. வளைகுடாக் கம்பெனிகள் எதுவும் வரமுடியாமல் வருஷக்கணக்கில் மலையாளிகள் போராடிக்கொண்டிருந்தார்கள். ரன்வேயும் இல்லை, பெயரும் இல்லை, காகிதம்தான்.

திருச்சிக்கு அந்தக் காகிதம் முன்பே கிடைத்ததற்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது என்பது என் கணிப்பு. மலேயாவுக்குப் போன தமிழர்களில் பெரும்பங்கு தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, பழைய ராமநாதபுரம் ஜில்லாக்காரர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவார்கள். ரஜுலா என்ற கப்பலின் பெயர் தெரியாத குடும்பம் அந்தப் பக்கம் குறைவு. அதற்குப் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985ல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பாதையே நின்றுபோனது. கப்பலில் போய்க்கொண்டிருந்த சனத்துக்குப் பக்கத்தில் இருந்த ஏர்போர்ட் திருச்சி. உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகமாக வந்துபோகும் அபூர்வமான இந்திய விமான நிலையம் அது. மதுரை அதற்கு நேர்மாறு, சென்னை, பெங்களூர், ஹைதராபாத் கூட்டம்தான். 2024 ஜனவரியில் 1,100 கோடிக்கு மேல் செலவில் திருச்சிக்குப் புது டெர்மினல் திறந்தது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் போய்ப் பார்த்தால் கோலமும் கோபுரமுமாக அழகாகவே கட்டியிருக்கிறார்கள், பொய் சொல்லக் கூடாது.

ரன்வே விஷயத்துக்கே வருகிறேன். நீட்டிப்பு தேவையில்லை என்று சொல்லவில்லை. பெரிய விமானம் வரவேண்டுமென்றால் தேவைதான். 12,500 அடியாக நீட்டத் திட்டம், குறுக்கே போகிற ரிங் ரோட்டுக்குச் சுரங்கப்பாதை என்று நாங்கள் பள்ளிக்கூடம் முடித்த காலத்திலிருந்து பேப்பரில் வருகிறது. 600 ஏக்கருக்கும் மேல் நிலம் வேண்டும். அது காலி நிலம் இல்லை. அய்யன்பாப்பாக்குடி, குசவன்குண்டு, ராமன்குளம், சின்ன உடைப்பு என்று ஊர்கள். 2024 நவம்பரில் சின்ன உடைப்பு மக்கள் மாற்று இடம் கொடுக்காமல் வெளியேற மாட்டோம் என்று நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள், விவகாரம் உயர்நீதிமன்றத்துக்கும் போனது. ஏர்போர்ட் வேண்டும் என்று தொண்டை கிழியப் பேசுகிற நான், அந்த ஊரில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற என் நண்பன் வீட்டில் சாப்பிடும்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இன்னொரு குறை ஓரளவு தீர்ந்துவிட்டது. 2024 அக்டோபர் 1 முதல் மதுரை 24 மணி நேரமும் இயங்குகிறது. அதற்கு முன் ராத்திரி ஆனால் கடையை மூடிவிடுவார்கள். வெளிநாட்டு விமானங்களோ பெரும்பாலும் நடுராத்திரியில் வந்து விடிகாலையில் திரும்புகிறவை. பகல் முழுக்க ஒரு நடை, ராத்திரி ஒரு நடை என்று ஓட்டினால்தான் விமானத்துக்குக் கட்டுப்படியாகும். ராத்திரி மூடியிருக்கிற ஊருக்கு யார் வருவார்கள்? 2019ல் நாங்கள் திருச்சி கவுண்டரில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஏர்போர்ட் தூங்கப் போயிருந்தது.

கேட்டவர் ஊருக்கு வரப்போகிறவர் என்று நினைக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மதுரையிலிருந்து நேரடி விமானம் உங்கள் தேதியில் இருக்கிறதா என்று கம்பெனியின் சொந்த ஆப்பிலேயே பாருங்கள். எனக்கு ஒரு ஏஜென்ட் 'மதுரை டைரக்ட்' என்று சொல்லிப் போட்டுக்கொடுத்த டிக்கெட், பிறகு பார்த்தால் சென்னையில் ஏழு மணி நேரம் உட்கார வேண்டியதாக இருந்தது. திருச்சி என்றால் மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை வழியாக இரண்டே கால், இரண்டரை மணி நேரம். சிட்டம்பட்டியிலும் பூதகுடியிலும் டோல்கேட். ஏர்போர்ட் திருச்சியில் புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிறது, அதனால் ஊருக்குள் நுழைந்து சுற்ற அரை மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். துவரங்குறிச்சியில் டீ குடிக்கலாம், அம்மாவுக்கு அங்கே பாத்ரூம் பிடிக்கவில்லை.

லேகியம் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. துண்டை மட்டும் அக்கா திருப்பி அனுப்பவில்லை.