ஒரே சிஎஸ்எஸ் (வெப் பக்கத்தின் நிறம், அளவு, இடைவெளியைச் சொல்லும் விதிகள்) குரோமில் ஒரு மாதிரி, சஃபாரியில் வேறு மாதிரி தெரிவது ஏன்? எல்லா பிரவுசரிலும் ஒன்றுபோல வரவைக்க முடியுமா? கண்ணாடி எஃபெக்ட் சிலதில் மட்டும் வருவது ஏன்?

அச்சில் வார்த்த மாதிரி வராது. வரவைக்க மெனக்கெடவும் வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு பாய்க்கடை அண்ணாச்சியிடம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் காரணம் புரியும்.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவன் நான். 2021 கடைசியில், பத்தமடைப் பாய் விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு ஒரு தளம் செய்தேன். கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்கிற பட்டுப்பாய்தான் அவருடைய முக்கியச் சரக்கு. பாய்ப் படங்களை ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்ற சிஎஸ்எஸ் முறையில் வரிசையாக அடுக்கி, இடைவெளிக்கு 'கேப்' கொடுத்திருந்தேன். என் லேப்டாப்பில் அம்சமாக இருந்தது. மறுநாள் காலையிலேயே போன்.

"ஏ தம்பி, பாய் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்குன்னு எம் மவ பெங்களூர்ல இருந்து சொல்லுதா. என் போன்ல நல்லாத்தான இருக்கு?"

அந்த அக்காவிடம் கேட்டேன். ஐபோன் 6, ஆனால் குரோமில்தான் பார்த்தேன் என்றார். அதை நம்பி ஒரு சாயங்காலம் முழுக்க என் லேப்டாப் குரோமைக் குடைந்துகொண்டிருந்தேன். மடத்தனம். ஐபோனில் குரோம் போட்டாலும் ஃபயர்பாக்ஸ் போட்டாலும், நம் ஊரில் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட்தான், அதாவது பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின். மேல்சட்டை மட்டும்தான் வேறு.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பிரவுசர் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் எஞ்சினைப் பாருங்கள். இன்று கணக்கில் எடுக்க வேண்டியவை மூன்று. குரோம், எட்ஜ், ஓபரா எல்லாம் பிளிங்க். சஃபாரி வெப்கிட். ஃபயர்பாக்ஸ் கெக்கோ. பிளிங்க் 2013-ல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து போனது, அதாவது இரண்டும் பங்காளிகள். சிஎஸ்எஸ் விதிகள் எல்லோருக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு எஞ்சினும் ஒவ்வொரு வசதியையும் தன் வேகத்தில், தன் வரிசையில்தான் கட்டி முடிக்கிறது. ஃபிளெக்ஸ்பாக்ஸ் கேப் ஃபயர்பாக்ஸுக்கு 2018-ல் வந்தது, குரோமுக்கு 2020-ல், சஃபாரிக்கு 2021-ல். ஐபோன் 6 ஐஓஎஸ் 12-உடன் நின்றுவிட்டது. ஐபோனில் வெப்கிட் ஐஓஎஸ்ஸோடு சேர்ந்துதான் புதுசாகும். ஆக அந்த போனுக்கு அந்த கேப் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை.

சரி, ஒரு வசதி பிரவுசருக்குத் தெரியுமா என்று கேட்கும் 'சப்போர்ட்ஸ்' விதி போட்டு, கேப் தெரியாத பிரவுசருக்கு மட்டும் மார்ஜின் (படத்தைச் சுற்றி விடும் வெற்றிடம்) கொடுப்போம் என்று நினைத்தேன். அதிலும் ஒரு குழி. கட்டம் கட்டமாக அடுக்கும் இன்னொரு முறையான கிரிட்டுக்கான கேப் அந்த சஃபாரிக்குத் தெரியும். அதனால் 'கேப் தெரியுமா?' என்று கேட்டால் 'தெரியும்' என்றுதான் சொல்லும். ஃபிளெக்ஸுக்குத் தெரியுமா என்று தனியாகக் கேட்க வழியே கிடையாது. கடைசியில் எல்லோருக்குமே பழைய மார்ஜினைப் போட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்டிருந்த கண்ணாடி எஃபெக்ட் கதை இதற்கு நேர் எதிர். பாய்ப் படத்தின்மேல் மங்கலான கண்ணாடி மாதிரி ஒரு பட்டை, அதில் வெள்ளை எழுத்து. 'பேக்டிராப் ஃபில்டர்' என்பார்கள். சஃபாரிக்காக, அந்தப் பெயருக்கு முன்னால் 'வெப்கிட்' என்று ஒட்டி, அதாவது முன்னொட்டோடும், ஒரு வரி எழுதியிருந்ததால், அந்தப் பழைய ஐபோனில் அது பளிச்சென்று வந்தது. அண்ணாச்சி கடையில் புதுசாக வாங்கிய கம்ப்யூட்டரில், ஃபயர்பாக்ஸில், மங்கவே இல்லை. வெளிர் கோரைமேல் வெள்ளை எழுத்து, ஒன்றும் வாசிக்க முடியவில்லை. ஃபயர்பாக்ஸுக்கு அது 2022 ஜூலையில், 103-ஆம் பதிப்பில்தான் வந்தது. தப்பு என்னுடையதுதான். எழுத்து தெரிவதையே மங்கலை நம்பி விட்டிருந்தேன். இப்போதெல்லாம் முதலில் அரை இருட்டான பின்னணி நிறம், அதன்மேல்தான் மங்கல். மங்கல் வந்தால் அழகு, வராவிட்டாலும் விலை வாசிக்கலாம். சஃபாரி 18 வருவதற்கு முந்தைய போன்களுக்காக முன்னொட்டு வரியை இன்னும் விட்டுவைத்திருக்கிறேன்.

இந்த ஏற்பாடு நடப்பதற்குக் காரணம், தெரியாத வரியைக் கண்டால் பிரவுசர் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும் என்ற விதி. 1996-ல் வந்த முதல் சிஎஸ்எஸ்ஸிலேயே அது உண்டு. உயரத்துக்கு '100 விஎச்' (திரையின் முழு உயரம்) போட்டால் மொபைலில் அட்ரஸ் பார் நீளும்போது அடியில் இருக்கும் பட்டன் மறைகிறதா? அந்த வரிக்குக் கீழேயே '100 டிவிஎச்' (அப்போதைக்குத் தெரிகிற உயரம்) என்று இன்னொரு வரி போடுங்கள். புரிந்த பிரவுசர் இரண்டாவதை எடுக்கும், புரியாதது முதலாவதோடு நிற்கும்.

இனி, தமிழில் தளம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். நாம் பிரவுசர் வித்தியாசம் என்று திட்டுவதில் பாதி, ஃபான்ட் வித்தியாசம். சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட் பெயர் சொல்லாமல் வெறுமனே 'சான்ஸ் செரிஃப்' என்ற பொதுவகையோடு விட்டால், விண்டோஸ் நிர்மலா யுஐ-யை எடுக்கும், ஆப்பிள் கருவிகள் தமிழ் சங்கம் எம்என்-ஐ எடுக்கும், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ். மூன்றிலும் எழுத்தின் அகலம் வேறு. வரி உயரத்தை நாம் சொல்லாவிட்டால் அதுவும் ஃபான்ட் கணக்குப்படிதான், ஆகவே வேறு. 'திருமணப்பாய்களுக்கு' என்று ஒரு பட்டனில் எழுதியிருந்தேன். ஒன்றில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஒன்றில் 'கு' மட்டும் கீழே தொங்கியது. எந்த எஞ்சின் மேலும் குற்றமில்லை. சந்தேகம் வந்தால் ஒரே கம்ப்யூட்டரில் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் திறந்து பாருங்கள். அங்கே ஒன்றுபோல இருந்து போனில் மாறினால், முதலில் ஃபான்ட்டைச் சந்தேகப்படுங்கள். தமிழ் வெப் ஃபான்ட் ஒன்றை (நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரான், எது பிடித்தாலும் சரி) நம் சர்வரிலேயே வைத்து, வரி உயரத்தை 1.6 போல எண்ணாகக் கொடுத்தால் பாதிக் குறை தீரும். இட்டாலிக் வேண்டவே வேண்டாம். தமிழ் ஃபான்ட்டில் பெரும்பாலும் சாய்வெழுத்து தனியாக இருக்காது, பிரவுசர் தானே பிடித்துச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது.

முன்பைவிட இப்போது எவ்வளவோ தேவலை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-ஐ 2022 ஜூனில் மூடிவிட்டார்கள். அதே வருடத்திலிருந்து ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா எல்லாம் சேர்ந்து 'இன்டராப்' என்ற பெயரில், எந்தெந்த வசதிகளில் ஒத்துப்போகலாம் என்று வருடாவருடம் பட்டியல் போட்டு வேலை பார்க்கிறார்கள். நிழலின் மென்மை, ஸ்க்ரோல் பாரின் தடிமன் இவையெல்லாம் ஆளுக்கு ஆள் மாறினால் நான் கண்டுகொள்வதில்லை. வாசிக்க முடிகிறதா, பட்டனை அமுக்க முடிகிறதா, விலை தெரிகிறதா, அவ்வளவுதான் என் கணக்கு.

பெங்களூர் அக்கா போன் மாற்றியபோது, அந்தப் பழைய ஐபோன் 6-ஐ அண்ணாச்சி என்னிடமே கொடுத்துவிட்டார். பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்காது, சார்ஜரிலேயேதான் கிடக்கிறது. புதுத் தளம் எதுவானாலும் அதில் ஒருதரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் பில் அனுப்புகிறேன்.