ஒயர் பிடிக்கிற வேலைன்னு சொல்லாதீங்கக்கா

அக்கா, தம்பி எஸ்பிஎம் (அஞ்சாம் பாரம் பரீட்ச) முடிச்சிட்டு ஃபேக்டரி மெயின்டனன்ஸ்தான் போவேன்னு நிக்கிறான், வீட்டு ஃபேன வேற கழட்டிப் போட்டுட்டான், ஒயர் பிடிக்கவா பெத்தேன்னு கேட்டீங்க. நானும் பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஏரியால பத்து வருசம் அதே ஒயர பிடிச்சவன்தான்லா, கொஞ்சம் சூடா எழுதுனா கோவிச்சுக்காதீங்க.

ஒரு பேக்கிங் மெஷின் வாரத்துல ரெண்டு மூணு தடவ திடீர்னு நின்னுடும், ரீசெட் பண்ணா ஓடும். சென்சார மாத்துனோம், கேபிள மாத்துனோம், கார்டு கூட மாத்துனாங்க, காசு போனதுதான் மிச்சம். மெஷினோட எர்த் ஒயர்ல மீட்டர் வச்சா பீப் அடிக்குது, தொடர்பு இருக்குன்னு அர்த்தம், சரி நல்லாருக்குன்னு விட்டுட்டோம். ஒரு சீனியர் அங்கள் மட்டும் எதையும் தொடல, எப்போ நிக்குது, அப்போ பக்கத்துல என்ன ஓடுதுன்னு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தாரு. பாத்தா பக்கத்து கன்வேயரோட இன்வர்ட்டர், அதான் மோட்டார் வேகத்த கூட்டிக் குறைக்கிற பெட்டி, ஸ்டார்ட் ஆகுறப்பதான் நிக்குது! பவர ஆஃப் பண்ணி பூட்டு போட்டுட்டு எர்த் லக்க (ஒயர் நுனியில போல்ட் போடுற வளையம்) கழட்டுனா அடியில பெயிண்ட், பெயிண்ட் மேலயே முடுக்கியிருக்காங்க, மெஷின் ஆடி ஆடி போல்ட்டும் லூசு. சும்மா நிக்கிறப்போ லேசா தொட்டுக்கிட்டு இருக்கும், மீட்டர் விடுற துளியூண்டு கரண்ட்டுக்கு அது போதும், அதான் பீப். இன்வர்ட்டர் நாய்ஸுக்கு, அதான் அது கிளப்புற மின் இடைஞ்சலுக்கு, போதல, அந்த நாய்ஸ் சிக்னல் ஒயருக்குள்ள புகுந்துடுச்சு. சுரண்டி முடுக்குனோம், அதோட சரி.

இதுக்கு கைய விட பொறுமைதான் வேணும். தம்பி ஃபேன கழட்டுனான்னு திட்டுறீங்களே, ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடிச்சானான்னு கேட்டீங்களா? இன்னொன்னு, மொதல்ல கண் டெஸ்ட் எடுங்க, ஒயர் கலர் பிரிச்சு தெரியணும், எர்த்து பச்ச-மஞ்சள், அதுல தடுமாறுனா 400 வோல்ட் பேனல்ல விளையாட்டு இல்ல.

படிப்புக்கு எஸ்கேஎம்ங்கிற மலேசிய தொழில்திறன் சர்ட்டிபிகேட்ல லெவல் 3 வரைக்குமாவது முடிக்கட்டும், லெவல் 4 போனா டிப்ளோமா. பினாங்குலயே 1989-லேருந்து பிஎஸ்டிசின்னு ஒரு தொழில் பயிற்சி மையம் இருக்கு, விசாரிங்க. எங்க சேத்தாலும் அந்த கோர்ஸுக்கு ஜேபிகே, அதான் அரசாங்க திறன் மேம்பாட்டு இலாகா, அங்கீகாரம் இருக்கான்னு பாத்துட்டு பணம் கட்டுங்க. ஒயர்மேன் (வயரிங் பண்றவர்), சார்ஜ்மேன் (மின் சாதனங்கள கவனிச்சுக்கிறவர்) சர்ட்டிபிகேட் வேற, அது சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) குடுக்குறது, அதையும் பின்னால எடுக்கணும்.

நைட் ஷிஃப்ட் இருக்கும், அத மறைக்க மாட்டேன்.

சனிக்கிழமை தம்பிய கூட்டிட்டு வாங்க, அந்த ஃபேனையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.