டிடி-214-ல் 'ஆளுமைக் கோளாறு': கேள்வி பதில்

அமெரிக்க ராணுவ டிஸ்சார்ஜ், அதாவது பணி விடுவிப்பு, பற்றிப் போன மாதம் நான் ஒரு வரி சொல்லப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. டிடி-214 என்பது வெளியே வரும்போது கையில் தரும் சான்றுத் தாள். பதில் தெரிந்தவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன். ஆர்மியில் எட்டு வருஷம் இருந்தேன். வெளியே வந்தபின் பதினோரு வருஷமாக முன்னாள் வீரர்களின் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறேன். நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை.

டல்லாஸ் அப்பா: மேடம், என் மகன் ஆர்மியில் மூன்று வருஷம் இருந்தான், ஆப்கானிஸ்தான் போய்வந்தான். 2012-ல் அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் ஹானரபிள்தான். ஆனால் டிடி-214-ல் காரணம் 'பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்' என்று இருக்கிறது. வேலைக்குப் போகும் இடத்தில் அந்தத் தாளைப் பார்த்ததும் முகம் மாறுகிறதாம். சொந்தக்காரர்கள் யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. மாற்ற வழி உண்டா?

உண்டு சார். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், மற்றவர்களும் இதைப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

டிடி-214-ல் 24-ம் கட்டம் டிஸ்சார்ஜின் தரம்: ஹானரபிள் (முழு கௌரவம்), ஜெனரல் (அதற்கு ஒரு படி கீழே) என்று. அடுத்தடுத்த கட்டங்களில் எந்த விதிப்படி, என்ன குறியீடு, மறுபடி சேர முடியுமா என்று வரும். 28-ம் கட்டத்தில்தான் காரணம். உங்கள் பையனுக்கு 24 நன்றாக இருக்கிறது, 28 காட்டிக்கொடுக்கிறது. 26-ல் ஜே.எஃப்.எக்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். ஆளுமைக் கோளாறுக்கான குறியீடு அது. 28-ஐ மட்டும் மாற்றி 26-ஐ விட்டுவிட்டால், குறியீடு தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும். அதனால் காரணம், குறியீடு, மறுசேர்க்கைக் குறியீடு மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். வழக்கமாகக் கேட்பது 'செக்ரட்டேரியல் அத்தாரிட்டி'. துறைச் செயலரின் அதிகாரப்படி விடுவிக்கப்பட்டார் என்று அர்த்தம், வேறு எதுவும் சொல்லாது.

ஆனால் விண்ணப்பத்தை இன்றைக்கே எழுதாதீர்கள். முதலில் கோப்பு. எஸ்.எஃப்-180 படிவம் போட்டுப் பணிக்கோப்பு முழுவதையும் கேளுங்கள். மனநலக் குறிப்புகள் பல சமயம் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவமனையிலேயே தனியாகத் தங்கிவிடும். "மனநலப் பதிவுகளும் வேண்டும்" என்று வார்த்தையால் கேட்டால்தான் கிடைக்கும். கோப்பைப் பார்க்காமல் எழுதிய விண்ணப்பம் இருட்டில் சட்டை மாட்டுவது போல, பித்தான் ஒன்று கூடச் சரியாக விழாது.

கோப்பு வந்ததும் என்ன தேடுவது? ஆளுமைக் கோளாறு என்பது நேற்று வந்த நோய் இல்லை. விடலைப் பருவத்திலோ இருபதை ஒட்டியோ தொடங்கி, வீடு, பள்ளி, வேலை எல்லா இடத்திலும் தெரிகிற நீண்டநாள் போக்கு என்பதுதான் மருத்துவ வரையறை. அப்படியென்றால் உங்கள் மகனுக்குப் பதினேழு வயதிலேயே அது தெரிந்திருக்க வேண்டுமே? சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையின் படிவம், டிடி-2808, அதில் மனநலத்துக்கு என்றே ஒரு வரி உண்டு. ஆளுமையில் பிறழ்வு இருந்தால் குறிப்பிடவும் என்று கேட்கும். பக்கத்தில் 'நார்மல்' கட்டத்தில் டாக்டர் டிக் அடித்திருப்பார். கீழே பி-யு-எல்-ஹெச்-இ-எஸ் என்ற ஆறு எழுத்துகளுக்கு அடியில் ஆறு எண்கள் இருக்கும். கடைசி எஸ் மனநலத்துக்கு, 1 என்றால் குறையே இல்லை. நான் பார்த்த ஒரு கோப்பில் சேரும்போது எஸ்-க்குக் கீழே 1. ஈராக் போய்வந்தபின், ஒரே ஒரு சந்திப்பில், "சிறுவயது முதலே" என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பையனின் சிறுவயதைப் பற்றி யாரிடமும் ஒரு போன் கூடப் போட்டுக் கேட்டதற்குக் குறிப்பு இல்லை.

ஆகவே, பள்ளி ரிப்போர்ட் கார்டு, ஸ்கவுட், நீச்சல் கோச், பகுதிநேர வேலை கொடுத்த கடைக்காரர், இவர்களிடம் கடிதம் வாங்குங்கள். "நல்ல பையன்" என்ற கடிதம் வேண்டாம். எந்த வருஷம், எப்படித் தெரியும், என்ன செய்தான் என்று இருக்க வேண்டும். கூடப் பணியாற்றியவர்களிடமும் வாங்குங்கள்: போகும் முன் எப்படி, வந்தபின் எப்படி.

இன்னொன்று. 2008 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறை விதியை இறுக்கியது. ஆபத்துப் பகுதியில் பணியாற்றியவரை இந்தக் காரணத்துக்காக அனுப்புவதென்றால் மனநல மருத்துவரோ முனைவர் பட்ட உளவியலரோ கண்டறிந்திருக்க வேண்டும், சம அல்லது மேல்நிலையில் உள்ள இன்னொருவர் உறுதிசெய்ய வேண்டும், அந்தப் படையின் சர்ஜன் ஜெனரல் (தலைமை மருத்துவ அதிகாரி) ஒப்புதல் தர வேண்டும், பி.டி.எஸ்.டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) கூட இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். உங்கள் மகன் வெளியே வந்தது 2012. இந்தத் தாள்கள் கோப்பில் இருக்கின்றனவா? இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் வாதம். முன்கூட்டியே குறையைச் சொல்லித் திருந்த வாய்ப்புத் தந்ததற்குக் கவுன்சிலிங் படிவங்களும் இருக்க வேண்டும்.

எங்கே போடுவது? டிஸ்சார்ஜ் ஆகி 15 வருஷத்துக்குள் என்றால் டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு, படிவம் டிடி-293. உங்களுக்கு 2027-ல் அந்தக் கதவு மூடும். நேரில் பேசும் உரிமையும் அங்கே உண்டு, அதை வீணாக்காதீர்கள். அங்கே தோற்றால் ஆவணத் திருத்த வாரியம், படிவம் டிடி-149.

கலிபோர்னியா வாசகர்: ஆறு மாதம் கழித்து டிஸ்சார்ஜ் தானாகவே ஹானரபிள் ஆகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. அறுபது வருஷம் ஆனாலும் ஆகாது. விண்ணப்பித்து, வாரியம் சம்மதித்தால்தான்.

முன்னாள் மரைன்: அக்கா, 2005-ல் ஜெனரல் டிஸ்சார்ஜ், அதே காரணம். 15 வருஷம் தாண்டிவிட்டது. காலேஜ் பணமும் போச்சு. இனி ஒன்றும் இல்லையா?

இருக்கு தம்பி. மரைனுக்குத் தனி வாரியம் கிடையாது, நேவியின் ஆவணத் திருத்த வாரியம்தான், டிடி-149. தவறு தெரிந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும் என்று விதி. ஆனால் நீதி கருதி அதைத் தள்ளிவைக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, அதற்கான காரணத்தை நீதான் எழுத வேண்டும். போஸ்ட்-9/11 ஜி.ஐ பில்லுக்கு (முன்னாள் வீரர்களுக்கான படிப்பு உதவி) ஹானரபிள் வேண்டும், ஜெனரல் போதாது. அதனால் உன் விஷயத்தில் தரம், காரணம் இரண்டையும் கேள்.

பாதுகாப்புத் துறையின் 2017 ஆகஸ்ட் 25-ம் தேதியிட்ட கர்ட்டா குறிப்பாணையைப் படித்துவிடு. மனநலப் பிரச்னை, மூளைக்காயம், பாலியல் தாக்குதல் இவை இருந்த வழக்குகளைத் தாராள மனதோடு பார்க்க வாரியங்களுக்கு அது சொல்கிறது. நாலு கேள்வி: டிஸ்சார்ஜை மன்னிக்கவோ தணிக்கவோ கூடிய நிலை ஏதாவது இருந்ததா? அது பணிக்காலத்தில் இருந்ததா? உண்மையிலேயே அது தணிக்கிறதா? டிஸ்சார்ஜை விட அது கனமானதா? உன் விண்ணப்பத்தை இந்த நாலு தலைப்பிலேயே எழுது. காரணத்தையும் குறியீட்டையும் மாற்றக் கேட்பதற்கும் அது பொருந்தும். ஆனால் முதலில் கோப்பு!

ஒருவர்: பி.டி.பி.ஆர் என்ற போர்டு இதற்குத்தானே? பி.டி என்றால் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்?

இல்லை. அது பிசிக்கல் டிசெபிலிட்டி. 2001 செப்டம்பர் 11 முதல் 2009 முடிவு வரை ஊனம் 20 சதவீதமோ அதற்குக் குறைவோ என்று போட்டு அனுப்பப்பட்டவர்களுக்கானது. உங்களுக்கு அல்ல.

நியூஜெர்சி வாசகர்: என் ரெக்ரூட்டரே சொன்னார், ஆறு மாதத்தில்...

ரெக்ரூட்டர் வேலை உள்ளே அனுப்புவது. மேலே பார்க்கவும்.

ஹூஸ்டன் மனநல மருத்துவர்: ஒரு ஆட்சேபம். முப்பது வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஆளுமைக் கோளாறு என்று எழுதியதெல்லாம் பொய் என்ற தொனியில் நீங்கள் பேசுகிறீர்கள். அது உண்மையான நோய்நிலை. துப்பாக்கி ஏந்தும் இடத்தில் சிலரை வைத்திருக்கவே கூடாது. தவிர, ஒருவருக்கு அதுவும் பி.டி.எஸ்.டி-யும் சேர்ந்தே இருக்கலாம்.

டாக்டர், நோய் பொய் என்று நான் சொல்லவில்லை. எழுதிய விதத்தைச் சொல்கிறேன். 2008-ல் அமெரிக்க காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ கணக்கெடுத்தது: 2001 நவம்பர் முதல் 2007 ஜூன் வரை சுமார் 26,000 பேர் இந்தக் காரணத்தில் அனுப்பப்பட்டார்கள், அதில் ஏறக்குறைய 2,800 பேர் போர்ப்பணிக்குப் போய்வந்தவர்கள். விதிகளைப் படைகள் ஒரே சீராகக் கடைப்பிடிக்கவில்லை என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். ஊனம் என்று ஒத்துக்கொண்டால் மருத்துவ வாரியம், மாதக்கணக்கில் இழுவை, உதவித்தொகை. ஆளுமை என்று எழுதினால் 'ஊனம் அல்ல', ஆளைச் சீக்கிரம் அனுப்பிவிடலாம். எந்தப் பக்கம் பேனா சாயும்?

மருத்துவர்: பேனா பிடித்தவர்கள் எல்லாம் என் போன்றவர்கள். மேலதிகாரி சொன்னார் என்று எழுதுகிற டாக்டர்கள் மிகச் சிலர்தான். ஒரு சந்திப்பில் முடிவு சொல்வது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து சந்திப்புக்குப் பிறகு எழுதியதும் கோப்புகளில் இருக்கும். அதை நீங்கள் சொல்வதில்லை.

ஓய்வுபெற்ற ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்: டாக்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. என் படைக் கம்பெனியில் ஒருத்தன், சண்டைக்கே போகவில்லை, ட்ரெயினிங் முடிந்த நாளிலிருந்து எல்லோரோடும் தகராறு. அவனுக்கு இந்தப் பேப்பர் சரியானதுதான். ஆனால் மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். வண்டி வெடித்து வந்தவன் ராத்திரி தூங்காமல் கத்தினால், பட்டாலியனில் "இவனை எப்படிச் சீக்கிரம் வெளியே விடலாம்" என்றுதான் முதல் பேச்சு.

சார்ஜென்ட் சொன்ன இரண்டாவது ஆள்தான் என்னிடம் வருகிறவர். முதல் ஆள் வருவதே இல்லை, அதனால் என் பார்வை ஒருபக்கம் சாய்ந்திருக்கலாம். டாக்டர், பத்து சந்திப்புக் கோப்பு வந்தால் நானும் "இதில் வாதம் பலவீனம்" என்று நேராகச் சொல்கிறேன். அப்போதும் ஒன்று கேட்கலாம்: நோயைத் தாளில் அச்சடித்து வாழ்நாள் முழுக்க முதலாளிகளிடம் நீட்டவைப்பது நியாயமா என்று. வேறு எந்த நோயை அப்படி 28-ம் கட்டத்தில் பெயர் சொல்லி அடிக்கிறோம்?

மருத்துவர்: அந்தக் கேள்வியில் நான் உங்கள் பக்கம். வியட்நாம் ஆட்கள் சிலரை வயதான காலத்தில் பார்த்திருக்கிறேன். 1980-ல்தான் பி.டி.எஸ்.டி என்ற பெயரே எங்கள் கையேட்டில் ஏறியது. அதற்கு முன் வந்தவர்களுக்கு 'குணக் கோளாறு' என்று எழுதிவைத்தோம். ஒருவர் அந்தத் தாளை மடித்துப் பர்ஸிலேயே வைத்திருந்தார், மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருந்தது.

அட்லாண்டா மனைவி: என் கணவர் டிஸ்சார்ஜை மாற்றிய பிறகுதான் வி.ஏ-யில் (முன்னாள் வீரர் நலத்துறையில்) பி.டி.எஸ்.டி-க்கு உதவித்தொகை கேட்க முடியுமா?

காத்திருக்க வேண்டாம்மா. ஹானரபிளோ ஜெனரலோ இருந்தால் இப்போதே கேட்கலாம். வாரியம் வேறு வீடு, வி.ஏ வேறு வீடு. ஆளுமைக் கோளாறுக்கு வி.ஏ உதவித்தொகை தராது, அதன் விதியே அதை நோயாக எண்ணுவதில்லை. அதனால் 'அந்த நோய்க்கு' என்று எழுதாமல், பி.டி.எஸ்.டி-க்கு என்று கேளுங்கள். வி.ஏ ஒத்துக்கொண்டால் அந்த முடிவை வாரியத்தில் சாட்சியாக வைக்கலாம். வாரியத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எடை உண்டு.

இன்னொரு வாசகர்: தாளில் உள்ள காரணத்தை மாற்றுவதோடு நிற்காமல் மருத்துவ ஓய்வூதியமே கேட்டால்?

ரிவ்யூ போர்டால் அது முடியாது, ஆவணத் திருத்த வாரியம்தான். 2023-ல் பெடரல் சர்க்யூட் நீதிமன்றம், இப்படி ஆளுமைக் கோளாறில் அனுப்பப்பட்ட ஒரு பழைய நேவி வீரரின் வழக்கில், மருத்துவ ஓய்வூதியக் கோரிக்கையிலும் அந்தத் தாராளப் பார்வை பொருந்தும் என்றது. 2024 ஏப்ரலில் பாதுகாப்புத் துறை புதிய குறிப்பாணை போட்டு, பணிக்குத் தகுதியா இல்லையா என்ற முடிவுக்கு அது பொருந்தாது என்று பிரித்துவிட்டது. இதற்கு வக்கீலிடம் போங்கள். சட்டக் கல்லூரிகளில் இலவச முன்னாள் வீரர் கிளினிக்குகள் இருக்கின்றன.

முன்னாள் க்ரீன் கார்டுக்காரர்: ராணுவத்தில் இருந்தபோது சிட்டிசன்ஷிப் வாங்கினேன். இந்தக் காரணத்தால் பறிப்பார்களா?

பணியால் வாங்கிய குடியுரிமையை ரத்துசெய்யச் சட்டத்தில் இடம் இருப்பது, மொத்தம் ஐந்து வருஷம் கௌரவமாகப் பணி முடிக்கும் முன் 'அதர் தேன் ஹானரபிள்' (ஜெனரலுக்கும் கீழே) நிலையில் போனவர்களுக்கு. 28-ம் கட்டக் காரணம் அதில் வராது. உங்கள் 24-ம் கட்டத்தைப் பாருங்கள்.

மதுரை வாசகர்: என் மாமா இந்திய ராணுவத்தில்...

அது என் துறை இல்லைங்க. சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது, அங்கே பழக்கமுள்ள வக்கீலைப் பிடியுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எங்கள் பெண்ணுக்கு ஒரு வரன். பையன் முன்னாள் ஆர்மி. டிடி-214 கேட்டோம், பாதித் தாள்தான் தந்திருக்கிறான், காரணமே இல்லை. ஏமாற்றுகிறானா?

டிடி-214-ல் மெம்பர்-1 என்று சுருக்கப் பிரதி ஒன்று உண்டு. அதில் தரமும் காரணமும் இருக்காது. மெம்பர்-4-ல் எல்லாம் இருக்கும். அவன் சட்டப்படிதான் தந்திருக்கிறான். ஜாதகம் கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் அவனிடமே உட்கார்ந்து பேசுங்கள்.

வர்ஜீனியா வாசகர்: ஆறு மாதம் முடிந்தும் எனக்கு இன்னும் தபால் வரவில்லை, எங்கே கேட்பது?

நீங்கள் எதுவுமே விண்ணப்பிக்கவில்லை, சரியா? வராது.

டல்லாஸ் அப்பா: மேடம், பரணில் பெட்டியைத் தேடினோம். சேர்ந்தபோது கொடுத்த மருத்துவப் படிவத்தின் நகல் கிடைத்துவிட்டது. நீங்கள் சொன்ன வரியில் நார்மல் என்று டிக் இருக்கிறது. எஸ் கீழே 1. இதை உடனே அனுப்பிவிடவா?

அசலை அனுப்பாதீர்கள். எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கம் காலியாக இருந்தாலும். தேதியும் டாக்டர் கையெழுத்தும் தெளிவாக விழுகிறதா பாருங்கள். கோப்பு முழுசாக வந்ததும் மறுபடி எழுதுங்கள், சேர்ந்தே பார்க்கலாம்.