கை முறிந்தால்தான் லீவா?

அன்புள்ள சார்,

எங்கள் ஊர் கபடி கிளப்பில் கோச்சாக இருக்கிறேன். எங்கள் நல்ல ரைடர் பையன் ஒருவன், மேட்ச்சுக்கு முந்தின ராத்திரியெல்லாம் தூங்காமல் வாந்தி எடுக்கிறான். மாதம் ஒருமுறை ஒரு மனநல ஆலோசகரை வரவழைக்கலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். "நாங்க ஆடுனப்போ இதெல்லாம் யாருக்கு இருந்துச்சு? நாலு ரவுண்டு சேர்த்து ஓட விடு, சரியாயிடும்" என்று முடித்துவிட்டார். இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் செயலாளரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் காலத்தில் முட்டி வீங்கினாலே பத்துப் போட்டுக்கொண்டு இறங்கச் சொல்லியிருப்பார்கள், மனசைப் பற்றி யார் கேட்டது?

அவரிடம் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் கிளென் மேக்ஸ்வெல் கதையைச் சொல்லிப் பாருங்கள். 2019 உலகக்கோப்பை, மான்செஸ்டரில் வலைப்பயிற்சி. பந்து பட்டு அவருடைய சக வீரர் ஷான் மார்ஷுக்குக் கை முறிந்தது. அதே பயிற்சியில் மேக்ஸ்வெல்லுக்கும் கையில் அடி, ஆனால் முறியவில்லை. முறிந்திருக்கக்கூடாதா என்று ஏங்கியதாகவும், அந்த அதிர்ஷ்டம் மார்ஷுக்குப் போய்விட்டதே என்று அவர்மேல் ஆத்திரம்கூட வந்ததாகவும் மேக்ஸ்வெல்லே பிறகு சொன்னார். ஏனென்றால் எலும்பு முறிவுக்கு லீவு கேட்டால் எந்த நிர்வாகமும் ஏன் என்று கேட்காது. அதே வருடம் அக்டோபரில் அடிலெய்டில் இலங்கைக்கு எதிராக 28 பந்தில் 62 அடித்தார், அடுத்த சில நாளில் மனநலக் காரணம் சொல்லி விலகினார். ஸ்கோர்போர்டைப் பார்த்து எவனால் கண்டுபிடித்திருக்க முடியும்?

அப்போது ஆஸ்திரேலிய வாரியம் வயிற்றுவலி, குடும்ப வேலை என்று மழுப்பாமல் காரணத்தை வெளிப்படையாக அறிவித்தது, தொடரின் நடுவே தன் முக்கியமான ஆட்டக்காரரை அனுப்பியும் வைத்தது. தலைமை உண்மையிலேயே பின்னால் நிற்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: ஒரு மேட்ச்சை இழக்கத் தயாரா? மனநல தினத்தில் பேனர் கட்டுவதற்கு யாருக்கும் ஒன்றும் செலவில்லை.

இன்னொன்று, நம் பக்கத்துக் கதை. 2014 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் 10 இன்னிங்ஸில் 134 ரன் எடுத்த விராட் கோலி, உலகமே முடிந்துவிட்டதுபோல் இருந்ததாகவும் யாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றும் 2019 நவம்பரில்தான் வாய் திறந்தார், அதுவும் மேக்ஸ்வெல் விலகியதைப் பாராட்டும்போது. 5 வருடம்! "யாருக்கு இருந்துச்சு" என்ற உங்கள் செயலாளரின் கேள்விக்கு இதுவே பதில். முடிந்தால் அவரையே ஒருநாள் டீ குடிக்கும்போது, அவர் தோற்ற ஒரு ஃபைனலைப் பற்றிப் பேச வையுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஆனால் அவர் மனசு இளகியதோடு விட்டுவிடாதீர்கள், அடுத்த தேர்தலில் ஆள் மாறுவார். அமெரிக்காவின் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் 2018இல் டிமார் டிரோசன், கெவின் லவ் என்ற இரண்டு வீரர்கள் தங்கள் மனநலப் பிரச்சினையைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். அடுத்த வருடமே, ஒவ்வொரு அணியும் மனநல நிபுணரை வைத்தே ஆக வேண்டும், நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று லீக் கட்டாயமாக்கியது. அதனால் நீங்களும் உங்கள் கமிட்டித் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி ஏற்றப் பாருங்கள்: மனநலக் காரணத்துக்கு எடுக்கும் லீவும் காயத்துக்கு எடுக்கும் லீவும் ஒன்று, ஆலோசகரிடம் பையன் பேசியது செயலாளருக்கோ தேர்வாளருக்கோ, ஏன் உங்களுக்கோகூட வராது. இந்த இரண்டாவது வரிக்குத்தான் எதிர்ப்பு வரும், விட்டுக்கொடுக்காதீர்கள். டீமில் சேர்ப்பவரின் காதுக்குப் போகும் என்று தெரிந்தால் எந்தப் பையன் வாய் திறப்பான்?

காசில்லை என்பார். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கிறார்கள், போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் எண் 14416க்கும் செலவில்லை. கமிட்டி கூடும்வரை காத்திருக்காமல் அந்த எண்ணைப் பையனிடம் இன்றைக்கே கொடுங்கள். அப்புறம், அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று நீங்கள் எழுதவே இல்லையே, அதையும் எழுதுங்கள்.