அணு நிலையத்துக்குக் கடலில் என்ன வேலை?

கேள்வி: சில நாடுகளில் அணு ஆராய்ச்சி நிலையமும் கடல் ஆய்வு மையமும் சேர்ந்து வேலை செய்கிறார்களாமே? அணுக்கழிவைக் கடலில் விடாமல் இருந்தாலே போதாதா, கூட்டு எதற்கு?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் கவலை நியாயமானதுதான். கடல்நீரில் கதிரியக்கம் எவ்வளவு என்று பார்ப்பதும் இந்தக் கூட்டில் ஒரு வேலை. ஆனால் நான் முக்கியமாக நினைப்பது வேறு, அதற்குப் பிலிப்பைன்ஸைப் பார்க்க வேண்டும்.

1983-ல் அங்கே சமார் தீவை ஒட்டிய கடலில் பைரோடினியம் என்ற நுண்பாசி பெருகியது. அது சிப்பிகளின் உடலில் சேர்க்கும் சாக்சிடாக்சின் என்ற நச்சு நரம்புகளை முடக்கி மூச்சை நிறுத்திவிடும், மாற்று மருந்து கிடையாது, வேகவைத்தாலும் போகாது. அந்தச் சிப்பிகளைச் சாப்பிட்டவர்களில் பலர் இறந்தார்கள். 1988-ல் மணிலா வளைகுடாவிலும் அதே பாசி. நம் தமிழ்நாட்டிலும் 1981-ல் மட்டி சாப்பிட்டு உயிர்ப்பலி நடந்தது.

சிப்பியில் நச்சு இருக்கிறதா என்று அப்போதெல்லாம் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? சிப்பிச் சாற்றை எலிக்கு ஊசி போட்டு, அது சாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். இங்கேதான் பிலிப்பைன்ஸ் அணு ஆராய்ச்சி நிலையம் சர்வதேச அணுசக்தி முகமையின் உதவியோடு உள்ளே வந்தது. டிரிட்டியம் (கதிரியக்கம் உள்ள ஒருவகை ஹைட்ரஜன்) ஏற்றிய கொஞ்சம் சாக்சிடாக்சினை எடுத்து, நரம்புச் சவ்வோடும் சிப்பிச் சாற்றோடும் கலப்பார்கள். சவ்வில் நச்சு போய் ஒட்டும் இடங்கள் பேருந்து இருக்கை மாதிரி, அளவானவை. சாற்றில் நச்சு அதிகம் இருந்தால் அதுவே இடம் பிடித்துவிடும், டிரிட்டியம் ஏற்றியதற்கு இடம் கிடைக்காது. ஆக, சவ்வில் கதிரியக்கம் குறையக் குறைய சிப்பியில் நச்சு அதிகம் என்று அர்த்தம். டிரிட்டியம் ஆய்வகத்தோடு சரி, கடலில் ஒரு துளிகூடக் கலப்பதில்லை. 2011-ல் இந்த முறை, பரிசோதனை முறைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் ஏ.ஓ.ஏ.சி. என்ற சர்வதேச அமைப்பின் அதிகாரபூர்வ முறைகளில் ஒன்றாகவும் ஆகிவிட்டது.

அப்புறம் இன்னொன்று. இந்தப் பாசி விதை போன்ற உறைகளாகக் கடலடிச் சேற்றில் உறங்கும். மணிலா வளைகுடாச் சேற்றைக் குழாயில் அடுக்கு குலையாமல் எடுத்து, அதில் இயற்கையாகவே இருக்கும் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை அளந்தால் எந்த அடுக்கு எந்த ஆண்டு படிந்தது என்று தெரியும், அந்த அடுக்கில் உள்ள உறைகளை வைத்து அந்தப் பாசி எப்போது அங்கே இருந்தது என்றும் தெரியும். ஈயம்-210-ன் அரை ஆயுள், அதாவது அது சிதைந்து பாதியாகும் காலம், 22 ஆண்டு சொச்சம் என்பதால் கடந்த நூறு ஆண்டுக் கணக்குக்கு அது கச்சிதம். உறையை அடையாளம் காணக் கடல் உயிரியல் தெரிந்தவர் வேண்டும், ஆண்டைச் சொல்ல அணு இயற்பியல் தெரிந்தவர் வேண்டும். அணு ஆராய்ச்சி நிலையமும் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் நிறுவனமும் மணிலாவை ஒட்டிய டிலிமான் பகுதியிலேயே இருப்பது அவர்கள் அதிர்ஷ்டம்.

சிப்பி பிடிக்கத் தடை போடுவதும் விலக்குவதும் சிப்பியில் நச்சைப் பார்க்கும் இந்த மாதிரி அளவீடுகளை நம்பித்தான். தடை ஒரு வாரம் தேவையில்லாமல் நீண்டால் மீனவர் வீட்டில் அடுப்பு எரியாது, ஒரு நாள் முன்னதாக விலக்கினால் உயிர் போகும்.