பழைய மின்னஞ்சல்களை இணையத்தில் ஏற்றும்போது அவற்றோடு வந்த இணைப்புகளை (அட்டாச்மென்ட்) எப்படிக் கையாள்வது?

உங்கள் சங்கத்தின் பழைய மின்னஞ்சல்களை வலைப்பக்கங்களாக மாற்றியபோது ஒரே மடல் இரண்டு முறை தெரிகிறது, படங்கள் வருவதில்லை, சில இணைப்புகள் திறப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் மடல்களை ஏற்றியபோது இந்த மூன்றிலும் நான் மாட்டிக்கொண்டேன்.

பகலில் நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு க்ளியரிங் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். பட்டியலில் எழுதியிருப்பது ஒன்று, கன்டெய்னரைத் திறந்தால் இருப்பது ஒன்று என்பது எங்களுக்குப் பழகிய சங்கதி. மின்னஞ்சலின் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருந்து, அது எந்த வகை என்று சொல்லும் ‘கன்டென்ட் டைப்’ வரியும் அனுப்பியவருடைய மென்பொருள் கொடுக்கும் அறிவிப்புதான். அந்த வரியை எப்படி எழுத வேண்டும் என்று மடலில் பல வகைப் பகுதிகளைச் சேர்ப்பதற்கான விதிகளாக 1992 இல் வந்த மைம் நெறிமுறை சொல்கிறதே தவிர, உள்ளே இருப்பது அதுதானா என்று சரிபார்க்கும் வேலை நம்முடையது.

மடல் இரண்டு முறை தெரிவதற்குக் காரணம் ‘மல்ட்டிபார்ட் ஆல்டர்நேட்டிவ்’ வகை. அதில் ஒரே செய்தி வெற்று எழுத்தாகவும் வலைப்பக்க வடிவமான எச்டிஎம்எல்லாகவும் இருக்கும். ஒன்றைத்தான் காட்ட வேண்டும். கடைசியில் இருப்பதை எடுப்பதே வழக்கம் என்றாலும் நான் வெற்று எழுத்தையே எடுக்கிறேன், ஏனெனில் எச்டிஎம்எல்லுக்குள், திறந்ததும் தானாக ஓடும் நிரலான ஸ்கிரிப்டும், திறந்தவரை வேவு பார்க்கும் புள்ளி அளவுப் படமும் ஒளிந்திருக்கலாம். உங்களுக்குப் படங்கள் வராததற்கு, எச்டிஎம்எல்லில் அவை ‘சிஐடி’ என்று தொடங்கும், மடலுக்குள் மட்டுமே செல்லும் உள்முகவரியால் சுட்டப்பட்டிருப்பதே காரணம். படத்தைக் கோப்பாகச் சேமித்து, முகவரியைப் புதிய இடத்துக்கு மாற்றி எழுதினால் சரியாகிவிடும்.

திறக்காத இணைப்புகள்தாம் என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றன. பல ‘அப்ளிகேஷன் ஆக்டெட் ஸ்ட்ரீம்’ என்று வந்திருந்தன. ‘ஏதோ பைட்டுகள்’ என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். பிடிஎஃப் ஒரு சதவீதக் குறியோடும் தன் பெயரோடும் தொடங்கும். ‘பிகே’ என்று தொடங்கினால் ஜிப், ஆனால் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும் அடிப்படையில் ஜிப்தான் என்பதால் அங்கே பிரித்தே பார்க்க வேண்டும். ‘வின்மெயில் டாட்’ என்ற பெயரில் வருவது அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருள் கட்டிய மூட்டை. அதற்குரிய கருவியால் அவிழ்த்தால் உண்மையான இணைப்பு கிடைக்கும்.

தமிழ் மடல்களுக்கென்று ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு. பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி அனுப்பும் பேஸ்64 வடிவில் வந்த ஒரு மடலின் மூலத்தைத் திறந்தபோது ‘4கே’ என்ற ஜோடி நான்கு எழுத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள், பேஸ்64 அதை 4 எழுத்தாக்கும், தமிழுக்கு முதல் பைட்டு மாறுவதே இல்லை. ஆகவே முதல் இடைவெளி வரும்வரை அதே ஜோடிதான். அதைக் கண்டால் யூனிகோடு என்று நிம்மதியாக இருக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியில் வந்த பழைய மடல்கள் அப்படியல்ல; மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்று அறிவித்திருந்தவற்றில் அறிவிப்பை ஒதுக்கிவிட்டு எழுத்துரு மாற்றியில் போட்டேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தின்போது வந்த படங்களில் என் கவனக்குறைவு வெளிப்பட்டது. கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும், அப்படியே ஏற்றிவிட்டேன். “தம்பி, என் வீட்டு வாசலையே மேப்பில் காட்டுகிறதே” என்று எதிர்வீட்டு அக்கா சொன்ன பிறகே அந்த இடக்குறிப்புகள் அத்தனையையும் படங்களிலிருந்து நீக்கினேன். ஐபோனின் ஹெச்ஈஐசி படங்களைப் பல உலாவிகள் காட்டாது என்பதால் அவற்றை அப்போதே ஜேபெக்காகவும் மாற்றினேன்.

எச்டிஎம்எல், எஸ்விஜி (ஒரு வகைப் படக் கோப்பு) இணைப்புகளை உலாவியிலேயே திறக்க விடாமல் தரவிறக்கமாக மட்டும் கொடுங்கள். இரண்டிலும் ஸ்கிரிப்ட் ஓடும். வழங்கியில் (சர்வரில்) ‘நோஸ்னிஃப்’ என்ற தலைப்பு வரியையும் வையுங்கள், உலாவி தானாக வகையை ஊகிக்காது. மூல மடலைத் தொடாமல் பொதுப் பார்வைக்கு வராத இடத்தில் வையுங்கள்; நான் இரண்டு முறை எல்லாவற்றையும் மறுபடி உருவாக்க நேர்ந்தபோது அதுதான் கைகொடுத்தது. சேமிக்கும் கோப்புக்கு அனுப்பியவர் வைத்த பெயரை விட்டுவிட்டு, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பையே பெயராக வைக்கிறேன். கழிவுநீர் மனு ஒன்றின் பிடிஎஃப்பைப் பலரும் தத்தம் மடலில் திரும்பத் திரும்ப இணைத்திருந்தார்கள், ஒரே உள்ளடக்கத்துக்கு ஒரே பெயர் என்பதால் இப்போது வழங்கியில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது.